சிறுநீர்ப்பைக் கோளாறுகள்: எதைக் கவனிக்க வேண்டும், எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

சிறுநீர்ப்பை என்பது அடிவயிற்றில், இடுப்பெலும்பின் முன்பகுதிக்குப் பின்னால் அமைந்திருக்கும் தசைப்பை. சிறுநீரகங்கள் இரண்டும் இரவு பகலாக இரத்தத்தை வடிகட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 2 லிட்டர் வரை சிறுநீரை உண்டாக்குகின்றன. அது இரண்டு சிறுநீர் நாளங்கள் வழியாகச் சிறிது சிறிதாக இந்தப் பைக்கு வந்து சேர்கிறது. பையிலிருந்து வெளியேறும் வழிக்குச் சிறுநீர்ப் புறவழி என்று பெயர். பெண்களுக்கு அதன் நீளம் 4 சென்டிமீட்டர் அளவே. ஆண்களுக்கு 18 முதல் 20 சென்டிமீட்டர் வரை இருக்கும். அது புராஸ்டேட் சுரப்பியின் நடுவே புகுந்து செல்கிறது. பெண்களுக்குத் தொற்றும் ஆண்களுக்கு அடைப்பும் அதிகமாக வருவதற்கு இந்த அமைப்பு வேறுபாடே பெரிய காரணம்.

சிறுநீர்ப்பைக்கு இரண்டு வேலைகள். ஒன்று, அழுத்தம் கூடாமல் சிறுநீரைச் சேர்த்து வைப்பது. மற்றொன்று, உரிய நேரத்தில் மிச்சமில்லாமல் வெளியேற்றுவது. சேர்க்கும்போது பையின் சுவர்த்தசை தளர்ந்திருக்கும், கழுத்திலுள்ள சுருக்குத்தசைகள் இறுகியிருக்கும். வெளியேற்றும்போது இது தலைகீழாகும். இந்த ஒத்திசைவை முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும் நரம்புகளும் மூளைத்தண்டிலுள்ள ஒரு மையமும் நடத்துகின்றன. இடமும் நேரமும் சரிதானா என்று பார்த்து அனுமதி தருவது பெருமூளையின் முன்பகுதி. சிறு குழந்தைகளிடம் அந்த மேல்கட்டுப்பாடு இன்னும் முதிராததால்தான் பை நிறைந்ததும் தானாகக் காலியாகிவிடுகிறது.

எனவே கோளாறு எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம்: பையின் உட்சுவரில், தசையில், வெளியேறும் வழியில், நரம்பில், மூளையில். பையில் ஒரு குறையும் இல்லாமல், இரத்தத்தில் சர்க்கரை மிகுந்ததாலும் அறிகுறி தோன்றலாம். வெளியே தெரியும் அறிகுறிகளோ மிகச் சில: எரிச்சல், அடிக்கடி போதல், அவசரம், கசிவு, தடை, வலி, நிறமாற்றம். ஒரே அறிகுறிக்குப் பின்னால் பல நோய்கள் இருப்பதால், அதைத் தனியாகப் பார்க்காமல் உடன் வருபவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எது இயல்பு

வளர்ந்தவரின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். 150 முதல் 200 மில்லிலிட்டர் சேரும்போது முதல் உணர்வு எழும். அதை எளிதாகத் தள்ளிப்போடலாம். 300 மில்லிலிட்டரைத் தாண்டும்போது உணர்வு வலுக்கும். பகலில் எட்டு முறை வரை போவது பொதுவாக இயல்பின் எல்லைக்குள் அடங்கும். இரவில் தூக்கம் கலைந்து ஒரு முறை எழுவது பலருக்கும் உண்டு. போய் முடித்தபின் பையில் தங்குவது 50 மில்லிலிட்டருக்குக் குறைவாகவே இருக்கும்.

இந்த எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். மூன்று லிட்டர் தண்ணீர் குடிப்பவர் பத்து முறை போவது நோயல்ல. வெயிலில் நாள் முழுவதும் வேலை செய்பவர் மூன்று முறைதான் போகிறார் என்றால் குடிக்கும் தண்ணீர் போதவில்லை என்றே பொருள். எண்ணிக்கையைவிட முக்கியமானது மாற்றம். பல ஆண்டுகளாக இருந்த வழக்கம் சில நாட்களிலோ சில மாதங்களிலோ மாறியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

நிறமும் ஓர் அடையாளம். வெளிர் மஞ்சள் இயல்பு. அடர் மஞ்சள் நீர்ப்பற்றாக்குறையைக் காட்டும். வைட்டமின் பி மாத்திரை பளிச்சென்ற மஞ்சளையும், காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் செம்மஞ்சளையும் தரும். பீட்ரூட் சாப்பிட்டபின் சிலருக்குச் சிறுநீர் இளஞ்சிவப்பாக இறங்கும். கருந்தேநீர் நிறத்தில் போனால் மஞ்சள் காமாலையையோ தசைச் சிதைவையோ ஐயுற வேண்டும்.

எரிச்சலும் கடுப்பும்

சிறுநீர் போகும்போது எரிந்தால் தமிழ்நாட்டில் முதலில் பழி சுமப்பது ‘சூடு’தான். இளநீர், நீர்மோர், பார்லித் தண்ணீர் என்று வீட்டு வைத்தியம் தொடங்கிவிடும். இதில் ஓரளவு உண்மையும் உண்டு. கோடையில் வியர்வை மிகுந்து, குடிக்கும் நீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து இலேசாக எரியும். நன்றாகத் தண்ணீர் குடித்தவுடன், ஒரு நாளுக்குள் நிறம் தெளிந்து எரிச்சலும் நின்றுவிட்டால் விஷயம் அவ்வளவுதான். சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் இளநீரை மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது; அதிலுள்ள பொட்டாசியம் அவர்களுக்கு ஆபத்தாகலாம்.

தண்ணீர் குடித்தும் எரிச்சல் நிற்காமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போக வேண்டியிருந்து, போய் வந்ததும் மறுபடி போகத் தோன்றி, அடிவயிறு வலித்து, சிறுநீர் கலங்கலாகவோ துர்நாற்றத்தோடோ இருந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியாத் தொற்று. பத்தில் ஏழெட்டுத் தொற்றுகளுக்குக் காரணம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அது ஆசனவாய்ப் பகுதியிலிருந்து நகர்ந்து, குட்டையான சிறுநீர்ப் புறவழி வழியாகப் பெண்களின் சிறுநீர்ப்பைக்குள் ஏறிவிடுகிறது. அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிழைகள் பையின் உட்சுவர்ச் செல்களைப் பற்றிக்கொள்வதால் சிறுநீரின் ஓட்டம் அதை முழுதாக அடித்துச் செல்ல முடிவதில்லை. பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தத் தொற்று வருகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பின் காப்பு பாக்டீரியாக்கள் குறைந்து, தொற்று அடிக்கடி திரும்பும்.

தொற்று பையோடு நிற்கும்வரை காய்ச்சல் பெரிதாக இராது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப்புறத்தில் வலி, குமட்டல், வாந்தி ஆகியவை சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று கொள்ள வேண்டும். அந்த நிலையில் வீட்டில் காத்திருப்பது சரியல்ல. கிருமி இரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து. ஆண்களுக்கு வரும் தொற்றையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீண்ட புறவழியைத் தாண்டிக் கிருமி ஏறியிருக்கிறது என்றால் புராஸ்டேட் வீக்கம், கல், அடைப்பு என ஏதோ ஒன்று இடம் கொடுத்திருக்கக்கூடும்.

கர்ப்பிணிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். முதல் மாதங்களிலும் கடைசி மாதங்களிலும் அடிக்கடி சிறுநீர் போவது இயல்பு. ஆனால் எந்த அறிகுறியும் இல்லாமலே சிறுநீரில் கிருமி பெருகியிருந்தாலும் கர்ப்பகாலத்தில் சிகிச்சை தேவை. விட்டுவிட்டால் அது சிறுநீரகத் தொற்றாக மாறி, குறைப்பிரசவத்துக்கும் வழிவகுக்கலாம். கர்ப்பகாலப் பரிசோதனையில் சிறுநீரையும் சோதிப்பது இதற்காகத்தான். மாறாக, முதியவர்கள் பலருக்கு அறிகுறியின்றிச் சிறுநீரில் கிருமி இருக்கும். அதற்கு ஆன்டிபயாட்டிக் தருவதால் நன்மை இல்லை என்பதே இன்றைய மருத்துவ முடிவு.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் இரண்டு மூன்று ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளால் எரிச்சல் தற்காலிகமாக அடங்கும். எஞ்சிய கிருமிகளில் மருந்தை எதிர்க்கும் வகை பெருகும். ஒரு காலத்தில் இந்தத் தொற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எழுதப்பட்ட சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் இந்தியாவில் இன்று பல ஈ.கோலை வகைகளிடம் எடுபடுவதில்லை. அதனால்தான் திரும்பத் திரும்ப வரும் தொற்றுக்கு யூரின் கல்ச்சர் சோதனை அவசியமாகிறது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதை இந்தச் சோதனை இரண்டு மூன்று நாட்களில் சொல்லிவிடும். மாதிரியை ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு, இடையில் வரும் சிறுநீரைச் சுத்தமான புட்டியில் பிடிக்க வேண்டும்.

சிறுநீரில் இரத்தம்

சிறுநீர்ப்பை தரும் எச்சரிக்கைகளில் ஒருபோதும் ஒதுக்கக் கூடாதது இரத்தம். ஒரு லிட்டர் சிறுநீரில் ஒரு மில்லிலிட்டர் இரத்தம் கலந்தாலே கண்ணுக்குத் தெரியும். எரிச்சலோடும் வலியோடும் வரும் இரத்தத்துக்குத் தொற்றோ கல்லோ காரணமாக இருக்கலாம். வலியே இல்லாமல் வரும் இரத்தம்தான் அதிகக் கவலைக்குரியது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் அதுவே. இந்த இரத்தம் ஒரு முறை வந்து தானாக நின்றுவிடும். பிறகு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வராமலே இருக்கும். நின்றுவிட்டதே என்று பலர் மறந்துவிடுகிறார்கள். கட்டி அந்த இடைவெளியில் வளர்கிறது.

இந்தப் புற்றுநோயின் காரணத்தை முதலில் சுட்டிக் காட்டியவர் லுட்விக் ரேன் என்ற ஜெர்மன் அறுவைச் சிகிச்சை நிபுணர். பிராங்க்ஃபர்ட் பகுதியில் சாயப் பொருள் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டு 1895-ல் அவர் அறிவித்தார். நறுமண அமீன்கள் எனப்படும் வேதிப்பொருட்களே காரணம் என்பது பின்னர் உறுதியானது. உடலுக்குள் புகும் இவற்றைச் சிறுநீரகம் வடிகட்டி அனுப்பிவிடுகிறது; ஆனால் வெளியேறும்வரை மணிக்கணக்கில் இவை பையின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. புகையிலைப் புகையிலும் இதே வகைப் பொருட்கள் உண்டு. புகைத்தலின் கேட்டைச் சிறுநீர்ப்பையும் அனுபவிப்பது இப்படித்தான். சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் புகைபிடித்தலே காரணமாகக் கருதப்படுகிறது. இந்தப் புற்றுநோய் ஆண்களுக்குப் பெண்களைவிட மூன்று நான்கு மடங்கு அதிகமாக வருகிறது; 55 வயதுக்கு மேல் வாய்ப்பு கூடுகிறது.

பெண்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. இரத்தத்தை மாதவிடாய் என்றோ தொற்று என்றோ எடுத்துக்கொண்டு மாத்திரை தருவதால் உண்மையான காரணம் தாமதமாகவே தெரியவருகிறது. தொற்றுக்கு மருந்து முடித்தபின்னும் இரத்தம் தொடர்ந்தாலோ, கல்ச்சரில் கிருமி எதுவும் வளராவிட்டாலோ யூராலஜி மருத்துவரைப் பார்க்க வேண்டும். மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்திப் பையின் உட்புறத்தை நேரில் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி சோதனையால் கட்டியைக் கண்டுவிடலாம். தொடக்க நிலைக் கட்டிகளை வயிற்றைத் திறக்காமல் அதே வழியாகச் சுரண்டி அகற்ற முடியும். மீண்டும் வளராமல் தடுக்க, காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி-யைப் பைக்குள் செலுத்தும் சிகிச்சை 1976 முதல் வழக்கத்தில் உள்ளது.

அடக்க முடியாமை

தன்னையறியாமல் சிறுநீர் கசிவதைப் பலர் ஆண்டுக்கணக்கில் மறைக்கிறார்கள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதை நிறுத்துவார்கள், நீண்ட பேருந்துப் பயணத்தைத் தவிர்ப்பார்கள், காரணத்தை வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். இது சாவுக்கு இட்டுச்செல்லும் நோயல்ல. ஆனால் வாழ்க்கையைச் சுருக்கிவிடும் நோய். பெரும்பாலும் குணப்படுத்தவோ குறைக்கவோ கூடியதும்கூட.

கசிவு எப்போது நேர்கிறது என்பதைக் கொண்டு அதன் வகையை அறியலாம். இருமும்போது, தும்மும்போது, சிரிக்கும்போது, குடம் தூக்கும்போது கசிந்தால் பையைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருக்கின்றன. சுகப்பிரசவங்கள், உடற்பருமன், நாட்பட்ட இருமல், மாதவிடாய் நிற்றல் ஆகியவை இதற்குக் காரணங்கள். திடீரென்று தாங்க முடியாத அவசரம் எழுந்து, கழிவறைக்குப் போவதற்குள் போய்விட்டால் பையின் தசை நிறையாமலே சுருங்குகிறது என்று பொருள். இதை மிகைச்செயல் சிறுநீர்ப்பை என்பார்கள். இரண்டும் கலந்தும் வரும். பை எப்போதும் நிறைந்தே இருந்து, மிகுதி மட்டும் சொட்டிக்கொண்டிருப்பது மூன்றாவது வகை. இது அடைப்பின் அடையாளம். பிரசவத்துக்கோ கருப்பை அறுவைக்கோ பின் இரவு பகல் இடைவிடாமல் பிறப்புறுப்பு வழியாக ஒழுகினால் பையில் துளை விழுந்திருக்கலாம். அதை அறுவையால் மூட முடியும். பிறப்புறுப்பில் ஏதோ இறங்கி நிற்பதுபோல் இருந்தால் அது கருப்பை இறக்கமாகவோ பையே இறங்கியதாகவோ இருக்கும்.

தசைத் தளர்ச்சியால் வரும் கசிவுக்கு முதல் சிகிச்சை பயிற்சியே. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-ல் இதை எழுதிப் பரப்பினார். சிறுநீரை நிறுத்தப் பயன்படும் அதே தசைகளை ஐந்து முதல் பத்து விநாடி இறுக்கி, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறையாக, நாளுக்கு மூன்று வேளை செய்ய வேண்டும். பலன் தெரிய மூன்று மாதங்கள் ஆகும். சிறுநீர் போகும்போதே இதைச் செய்து பழகக் கூடாது. அவசரக் கசிவுக்குப் போகும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டும் பயிற்சியும், காபி, தேநீரைக் குறைப்பதும் உதவும்; போதாவிட்டால் மாத்திரைகள் உண்டு. கசிவுக்குப் பயந்து தண்ணீரையே குறைப்பது பயன் தராது. அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டும், தொற்றுக்கும் கல்லுக்கும் இடம் கொடுக்கும்.

சிறுநீர் இறங்காமை

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் புராஸ்டேட் சுரப்பி பருத்துப் புறவழியை நெருக்கத் தொடங்குகிறது. எண்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு இது உண்டு. போக நின்றதும் உடனே வராமல் காத்திருக்க வேண்டியிருக்கும், ஓட்டம் மெலியும், விட்டுவிட்டு வரும், முக்க வேண்டிவரும், முடித்தபின்னும் சொட்டும், முழுவதும் போனதுபோல் தோன்றாது, இரவில் பலமுறை எழ நேரும். இந்த வீக்கம் புற்றுநோயல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் புராஸ்டேட் புற்றுநோயும் இதே வயதில் வருவதால் இரண்டையும் பிரித்தறிய மருத்துவரின் விரல் பரிசோதனையும் பிஎஸ்ஏ இரத்தச் சோதனையும் உதவுகின்றன. தொல்லையின் அளவை ஏழு கேள்விகள் கொண்ட பட்டியலால் 35 மதிப்பெண்களுக்குக் கணக்கிடுவார்கள். ஏழு வரை இலேசானது, இருபதும் அதற்கு மேலும் கடுமையானது.

‘வயதானால் இப்படித்தான்’ என்று விட்டுவிடுவதன் விளைவு பையோடு நிற்பதில்லை. தடையை எதிர்த்துத் தள்ளித் தள்ளிப் பையின் சுவர் தடிக்கும், பிறகு சோர்ந்து விரியும். தங்கும் சிறுநீரில் கிருமியும் கல்லும் சேரும். அழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்கள் வீங்கிச் செயலிழக்கும். வலியே இல்லாமல் இவ்வளவும் நடக்கக்கூடும். முதியவர் ஒருவர் புதிதாக இரவில் படுக்கையை நனைக்கத் தொடங்கினால், அது பெரும்பாலும் நிரம்பி வழியும் பையின் அடையாளம்.

சில நேரம் அடைப்பு திடீரென்று முழுமையாகும். பை நிறைந்து அடிவயிறு புடைத்து, கடும் வலியும் அவசரமும் இருந்தும் ஒரு சொட்டும் வராது. இதுவே நீரடைப்பு. இது நேரடியாக மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். மெல்லிய ரப்பர் குழாயைச் செலுத்தி வடித்ததும் சில நிமிடங்களில் நிம்மதி கிடைக்கும். அதற்குமுன் ‘தண்ணீர் குடித்தால் வந்துவிடும்’ என்று மேலும் குடிப்பது வேதனையையே கூட்டும். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சளி, மூக்கடைப்பு மாத்திரைகளும், மது, மலச்சிக்கல் ஆகியவையும் இந்த அடைப்பைத் தூண்டிவிடலாம். சளி மாத்திரை வாங்கும்போது புராஸ்டேட் தொல்லையைச் சொல்லிவிட்டு வாங்குவது நல்லது.

நீரடைப்பு வேறு, சிறுநீர் உண்டாகாமலே இருப்பது வேறு. பை நிறைந்த உணர்வும் இல்லாமல், அரை நாளுக்கு மேல் சிறுநீரே போகவில்லை என்றால் சிறுநீரகம் நின்றிருக்கலாம். கடும் வயிற்றுப்போக்கு, பாம்புக்கடி போன்றவற்றுக்குப் பின் இது நேர்வதுண்டு.

வலி, கல், காசநோய்

விலாவில் தொடங்கித் தொடையிடுக்கு நோக்கி இறங்கி, அலையலையாக வரும் கடும் வலி சிறுநீர் நாளத்தில் கல் நகர்வதைக் காட்டும். பையிலேயே கல் இருந்தால் ஓட்டம் பாதியில் நின்று, நிலை மாறியதும் மறுபடி வரும். கல்லோடு காய்ச்சலும் சேர்ந்தால் அடைப்புக்குப் பின்னால் சீழ் தேங்குகிறது என்று பொருள். அப்போது ஒவ்வொரு மணிநேரமும் முக்கியம்.

பை நிறைய நிறைய வலி ஏறி, போனதும் குறைந்து, மாதக்கணக்கில் இது தொடர்ந்து, எந்தச் சோதனையிலும் கிருமி தென்படாவிட்டால் அது சிறுநீர்ப்பை வலி நோயாக இருக்கலாம். இதற்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. சிறுநீரில் சீழ்ச் செல்கள் நிறைய இருந்தும் சாதாரணக் கல்ச்சரில் எதுவும் வளராத இன்னொரு நிலையும் இந்தியாவில் முக்கியமானது. அது காசநோய். நுரையீரலில் தொடங்கிய கிருமி சிறுநீரகத்துக்கும் அங்கிருந்து பைக்கும் இறங்கி, நாளடைவில் பையைச் சுருக்கிவிடும். தொற்று என்று பலமுறை மருந்து தின்றும் தீராமல், எடை குறைந்து, மாலைக் காய்ச்சலும் இருந்தால் காசநோய்ச் சோதனையைத் தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும்.

நீரிழிவும் நரம்பும்

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது. அடிக்கடி சிறுநீர், அதிலும் ஒவ்வொரு முறையும் நிறையப் போவது, கூடவே தாகம், எடை குறைவு ஆகியவை இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரையைத்தான். தொற்றில் அடிக்கடி கொஞ்சமாகப் போகும்; சர்க்கரையில் அடிக்கடி நிறையப் போகும். பல ஆண்டுச் சர்க்கரையால் நரம்பு கெட்டவர்களுக்குப் பை நிறைவதே தெரியாது. நாளுக்கு இரண்டு முறைதான் போகிறார்கள், பையிலோ எப்போதும் தேங்கிக் கிடக்கிறது. இவர்கள் உணர்வுக்காகக் காத்திராமல் கடிகாரத்தைப் பார்த்து மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை போவது நல்லது.

இரவில் மட்டும் அதிகமாகப் போவது பையின் குறையாக இல்லாமலும் இருக்கலாம். பகலில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. இதயத் தளர்ச்சியும் குறட்டையோடு மூச்சு நிற்கும் நோயும் இப்படி வெளிப்படும். இரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் நீர்பிரி மாத்திரையை மாலையில் போடுவதாலும் இது வரலாம். மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

முதுகுவலியோடு திடீரெனச் சிறுநீர் நின்றாலோ கட்டுப்பாடு போனாலோ, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ முதுகுத்தண்டின் அடிநரம்புகள் நசுங்குகின்றன. உடனே அறுவைச் சிகிச்சை செய்தால் மட்டுமே கட்டுப்பாடு திரும்ப வாய்ப்புண்டு.

குழந்தைகள்

ஐந்து வயது வரை இரவில் படுக்கையை நனைப்பது நோயல்ல. அடிப்பதும் அவமானப்படுத்துவதும் பழக்கத்தை நீட்டிக்கவே செய்யும். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த குழந்தை மறுபடி நனைக்கத் தொடங்கினால் தொற்று, சர்க்கரை, மலச்சிக்கல், மன அழுத்தம் ஆகியவற்றைத் தேட வேண்டும். கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் சிறுநீரைச் சோதிப்பது அவசியம். எரிகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ஆண் குழந்தைக்குச் சிறுநீர் பீய்ச்சி வராமல் சொட்டுச் சொட்டாக வந்தால் புறவழியில் பிறவித் தடுப்புச் சவ்வு இருக்கலாம். தாமதித்தால் சிறுநீரகம் கெடும். பள்ளிக் கழிவறை சுத்தமாக இல்லை என்று நாள் முழுவதும் அடக்கும் சிறுமிகளுக்குத் தொற்று அடிக்கடி வருகிறது. இதற்கு மாத்திரை மட்டும் தீர்வாகாது. கழிவறையையும் சீராக்க வேண்டும்.

எப்போது போக வேண்டும்

உடனே, இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டியவை:

- வயிறு புடைத்து வலித்தும் சிறுநீர் இறங்காமை, அல்லது அரை நாளுக்கு மேல் சிறுநீரே உண்டாகாமை
- குளிர் நடுக்கக் காய்ச்சலோடு விலா வலி, வாந்தி
- கல் வலியோடு காய்ச்சல்
- இரத்தக் கட்டிகள் வந்து சிறுநீர் அடைத்தல்
- முதுகுவலியோடு கால் பலவீனம், இடுப்படியில் மரமரப்பு, கட்டுப்பாடு இழத்தல்
- சிறுநீர்த் தொல்லை உள்ள முதியவருக்குத் திடீர் மனக்குழப்பம், காய்ச்சல்

ஓரிரு நாட்களுக்குள் பார்க்க வேண்டியவை: ஒரு முறையே வந்திருந்தாலும் சிறுநீரில் இரத்தம், தண்ணீர் குடித்தும் நிற்காத எரிச்சல், கர்ப்பிணி, ஆண், குழந்தை, சர்க்கரை நோயாளி ஆகியோருக்கு வரும் எந்தத் தொற்று அறிகுறியும்.

சில வாரங்களுக்குள் நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டியவை: கசிவு, மெலிந்த ஓட்டம், இரவில் இரண்டு மூன்று முறைக்கு மேல் எழுதல், ஆறு மாதத்தில் இரண்டு முறையோ ஆண்டில் மூன்று முறையோ வரும் தொற்று.

முதலில் அருகிலுள்ள பொது மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைக்கோ போனால் போதும். மேற்கொண்டு தேவைப்பட்டால் பை, புராஸ்டேட், கல், கட்டி ஆகியவற்றுக்கு யூராலஜி பிரிவும், சிறுநீரகச் செயலிழப்புக்கு நெஃப்ராலஜி பிரிவும் உரியவை. போகுமுன் மூன்று நாட்களுக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்தால் பாதிச் சோதனை முடிந்த மாதிரி: என்ன, எவ்வளவு குடித்தோம், எப்போது போனோம், அளவுக் குவளையில் எவ்வளவு, எப்போது கசிந்தது. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் செல்ல வேண்டும். மருத்துவர் பெரும்பாலும் சிறுநீர்ச் சோதனை, சர்க்கரை, கிரியாட்டினின், போனபின் பையில் மிஞ்சுவதை அளக்கும் ஸ்கேன் ஆகியவற்றோடு தொடங்குவார். ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் கருவியில் விநாடிக்கு 10 மில்லிலிட்டருக்குக் குறைவாக வந்தால் ஆண்களுக்கு அடைப்பை ஐயுறுவார்கள்.

வராமல் காத்தல்

சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பது முதல் காப்பு. அடிக்கடி தொற்று வரும், குறைவாகக் குடிக்கும் பெண்கள் நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தபோது தொற்று ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை 2018-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுவது, உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பது, அவசரப்படாமல் முழுவதுமாகப் போவது, மலச்சிக்கலைத் தீர்ப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது ஆகியவை அடுத்தவை. பீடியையும் சிகரெட்டையும் விடுவதைப்போல் சிறுநீர்ப்பைப் புற்றுநோயைத் தடுக்கும் வழி வேறொன்றும் இல்லை.

சிறுநீர்ப்பை நோய்களில் பெரும்பாலானவை தொடக்கத்திலேயே எளிய சோதனையால் தெரிபவை, எளிய சிகிச்சையால் தீர்பவை. அவை முற்றுவது பெரும்பாலும் ‘சூடு’, ‘வயது’, ‘வெட்கம்’ என்ற மூன்று காரணங்களால்தான். சூடு என்றால் ஒரு நாளில் தணிய வேண்டும். வயது ஒரு நோயின் பெயரல்ல. மருத்துவரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டியதும் இதில் எதுவும் இல்லை.